கருணை இல்லத்தில் ஓர் இடம்

"இன்னைக்கே செத்துட்டா எங்க போவீங்கன்னு யோசிச்சிருக்கீங்களா, ஐயா?"

போதகரம்மா உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"நான் எங்கம்மா போறது? நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க. அவங்களுக்கு வழி தெரிஞ்சாப் போதும்" என்றார் கிழவர்.

ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் பழைய செயலாளர்; ஆலை வாசலில் மேடை போட்டுப் பேசியவர். வேலை ஓய்ந்த பிறகும் சட்டைப் பையில் துண்டுப் பிரசுரம் இல்லாமல் தெருவில் இறங்காதவர். கடவுள் என்று பேச்செடுத்தால், "அவர் எந்த முதலாளி பக்கம்?" என்று கேட்பவர்.

"கல்லுல நார் உரிக்காதீங்க" என்று போதகரம்மாவின் காதைக் கடித்தார், கூட வந்திருந்த டீச்சர்.

"நீங்க பேசிக்கிட்டிருங்க. எனக்குப் பாத்திரம் கிடக்கு." கிழவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

போதகரம்மா வந்த காரியமே வேறு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கிழவரின் மனைவிக்குக் கண்பார்வை கிடையாது. பார்வை போன பிறகுதான் சர்ச்சுக்கு வர ஆரம்பித்தவர். பிள்ளைகள் இல்லை. இந்த மனிதரோடு கிடந்தால் அந்த அம்மாளின் விசுவாசம் என்ன ஆகும் என்று சபையே கவலைப்பட்டது. சர்ச் நடத்தும் கருணை இல்லத்தில் இப்போது ஓர் இடம் காலி. இன்று பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

"நல்லா யோசிங்க அக்கா. இந்த வாழ்க்கை கொஞ்ச நாள். நித்தியம் அப்படியில்ல. அங்க வந்தா தினமும் ஒருத்தர் வேதம் வாசிச்சுக் காட்டுவாங்க. இங்க உங்களுக்கு யார் இருக்கா?"

"இவர் இருக்காரே."

"அதத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் டீச்சர்.

அந்த அம்மாள் சிரித்தார். "முதல்ல ஜெபிச்சிட்டுப் பேசுவோம். அன்பைப் பத்தின அதிகாரம் எனக்கு மனப்பாடம். நானே சொல்றேனே."

கைகளைக் கோத்துக்கொண்டு ஆரம்பித்தார். போதகரம்மாவுக்கு என்னவோபோல் இருந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆனால் வேதத்தை இப்படி யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. ஒவ்வொரு வசனமும் மேலே ஏறி ஏறிப் போய், உச்சியில் சட்டென்று நின்றது. கைதட்டலுக்குக் காத்திருப்பதுபோல.

பாதியில் ஒரு வரி மறந்துபோயிற்று. அந்த அம்மாள் நெற்றியைத் தடவினார். எடுத்துக்கொடுக்கப் போதகரம்மா வாயைத் திறந்தார்.

அதற்குள் சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அடுத்த வரி அங்கிருந்து வந்தது. அதே ஏற்றம், அதே நிறுத்தம்.

அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தார். குழாய் மறுபடி ஓடியது.

டீச்சரால் உட்கார முடியவில்லை. சமையலறை வாசலுக்கே போய்விட்டார்.

"ஐயா, நீங்க எப்போ விசுவாசத்துக்கு வந்தீங்க?"

"யார் வந்தது?" கிழவரின் கையெல்லாம் சோப்பு நுரை. "ஒரு வரி கூட நான் நம்பலை. அவ நம்புறா. காலையில ஒரு அதிகாரம் கேட்டாத்தான் அவளுக்குப் பொழுதே விடியும். வாசிக்கிறவன் வாய்க்குள்ளயே முணுமுணுத்தா நல்லாவா இருக்கும்?"

போதகரம்மா முடிவு ஜெபத்துக்கு எழுந்தார். அந்தக் கல் நெஞ்சைக் கரைக்கும்படி மன்றாட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். "நன்றி ஆண்டவரே" என்பதோடு முடித்துக்கொண்டார்.

"ஆமென்" என்றார் அந்த அம்மாள். "அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுங்கம்மா. வாசிச்சுக் காட்ட ஆளில்லாதவங்க யாராவது இருப்பாங்க."