ரெண்டு சொட்டு

“ரெண்டே சொட்டுல என் கண்ணை நாசமாக்கிட்டாளே!”

லோரன்ஸ் போட்ட சத்தத்தில் இரத்தோட்டை சர்ச் மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொட்டு விட்ட நர்ஸ் அம்றா மிஸ்ஸி, படம் எடுக்கும் அறைக்குள் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று அங்கே சீனி வியாதிக்காரர்களுக்குக் கண் கிளினிக். மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து, கண்ணின் உள்சுவரை மெஷினால் படம் பிடிப்பார்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்று முதலிலேயே எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள்.

லோரன்ஸ் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. எல்கடுவயிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அவருடையது. போன வாரம் அது மதகுக் கட்டையில் உரசிவிட்டது. அவரைக் கேட்டால், அது மதகைக் கட்டினவன் செய்த குற்றம்.

“கண் படம் நல்லா வந்தாத்தான் திங்கட்கிழமை என் பிள்ளையை உங்க வேன்ல ஏத்துவேன். மத்த அம்மாமார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்று மகள் ஜெனிஸ்டா பிடிவாதமாக நின்றாள். அதற்காகத்தான் வேன் ஜன்னலைத் திறந்துபோட்டு, மலை ரோட்டுத் தூசியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து இறங்கினார். இறங்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இறங்கினார்.

பக்கத்து நாற்காலியில் தேயிலைத் தோட்டத்துக் காத்தாயி. கண்ணைப் போட்டோ பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, பட்டுச் சேலை, கனகாம்பரம், முகம் நிறையப் பவுடர் என்று வந்திருந்தாள்.

“ஏன் காத்தாயி, மாப்பிள்ளை எங்க? படம் எடுக்கிறது கண்ணுக்குள்ள. பவுடரை அங்கயும் பூசிக்கிட்டு வந்தியா?”

“போட்டோன்னு சொன்னாங்க அண்ணே” என்று அவள் கூசிப்போய்ச் சிரித்தாள்.

“தோட்டத்து மூளை தோட்டத்து மூளைதான்.”

அந்த நேரம்தான் அம்றா மிஸ்ஸி அவரிடம் வந்தாள். கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இது வந்து…” என்று தொடங்கினாள்.

“தெரியும், தெரியும். நேத்துப் படிச்சு முடிச்ச பிள்ளை எனக்குப் பாடம் எடுக்காத. விடு.”

அவள் சொட்டை விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

“அந்த மணிக்கூட்டுல முள்ளே தெரியல. கண்ணு முன்னால கறுப்பு நூல் நூலா மிதக்குது. என்ன மருந்தோ, என்ன கண்றாவியோ!”

“எனக்கு நெருப்பா எரிஞ்சிச்சி அண்ணே. ஒங்களுக்கு எரியலையா?” என்றாள் காத்தாயி.

“எரியிறதாவது! அதெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு. எனக்குப் பச்சைத் தண்ணி மாதிரி இருந்துச்சு” என்று மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “அந்தச் சிவப்புச் சேலைக்காரியை நகரச் சொல்லு. வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு எருமை மாதிரி நிக்கிறா.”

“அப்பா, அது ஜன்னல் சீலை.”

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லோரன்ஸுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“சிரிங்க, சிரிங்க. காலையில எல்கடுவயிலேர்ந்து அத்தனை வளைவையும் யாரு ஓட்டினா? இந்தக் கண்ணுதான். சும்மா இருந்த கண்ணை இவளுங்க பாழாக்கிட்டாளுங்க.”

ஜெனிஸ்டாவுக்கே பாவமாகிவிட்டது. வீணாக அப்பாவைச் சந்தேகப்பட்டோமோ என்று மனசு குத்தியது. “மருந்து இறங்கினா சரியாயிரும்ப்பா. திரும்பிப் போறப்ப என் வீட்டுக்காரரு வந்து வேனை ஓட்டட்டும்.”

“ஓட்டட்டும். நான் என்ன மடையனா? இப்படி மங்கலாத் தெரியிறவன் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு ரோட்டுல போனா, அவனை இழுத்துப்போட்டு மிதிச்சு மறியல்ல தள்ளிப் பூட்டணும்!”

இதற்குக் காத்தாயிகூடத் தலையாட்டினாள். அறைக்கதவு திறந்தது. கையில் சின்னக் குப்பியோடு அம்றா மிஸ்ஸி நேரே லோரன்ஸிடம் வந்தாள்.

“தலையைக் கொஞ்சம் தூக்குங்க ஐயா.”

“மறுபடியுமா? ஏற்கெனவே விட்ட மருந்துல குருடன் மாதிரி உட்கார்ந்திருக்கேன், அது போதாதா உனக்கு?”

அம்றா குழம்பிப்போய் ஜெனிஸ்டாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அது தூசிக்குக் கண் கழுவின தண்ணிங்க ஐயா. மருந்தை இப்பத்தான் விடப் போறேன்.”