பானெட்டில் வைத்த கை

பானெட்டின் மேல் கையை வைத்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுட்டது.

மணி ஏழுதான் ஆகிறது. ராத்திரி முழுக்கத் தரகரின் ஷெட்டில் தூங்கிய வண்டி, அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தால் என்ன அர்த்தம்? யாரோ முன்கூட்டியே ஓடவிட்டு, அதன் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய டீசல் வண்டியின் நிஜ முகம், குளிர்ந்து கிடக்கும்போது முதல் தடவை சாவியைத் திருப்பினால் மட்டும்தான் தெரியும். சூடேறிய பிறகு எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான்.

அதனால்தான் நேற்று கணவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். "தரகர்கிட்ட போன்ல சொல்லிடுங்க. நாம போற வரைக்கும் வண்டியத் தொடவே கூடாது."

மூன்று முறையும் அவர், "எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியாதது எது? ஒரு வாரமாக நாற்பது வீடியோ பார்த்திருக்கிறார். அவளுடைய தம்பியிடம் இரவல் வாங்கிய காரிலிருந்து அவர் இறங்கிய தோரணையைப் பார்த்து, தரகர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ரிப்பனும் கத்தரிக்கோலும்தான் பாக்கி.

இப்போது கணவர் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். டயரை எட்டி உதைத்தார். கதவைத் திறந்து மூடி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை ரசித்தார். டிக்கியைத் திறந்து, தேங்காய் பார்க்கிறவர் மாதிரி ஸ்டெப்னியை விரலால் சுண்டினார்.

"சின்ன டீசல் இன்ஜின்ல விஷயமே டார்க்தான்ப்பா."

தரகர் பலமாகத் தலையாட்டினார். டார்க் என்றால் இழுவிசை என்பது இருவருக்குமே தெரியாது. ஆனாலும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

அவள் கையில் கணவருடைய தண்ணீர் பாட்டில் இருந்தது.

போன வண்டியையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். இதே சுற்று, இதே உதை. பனி கொட்டிய ஒரு விடியற்காலையில் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து உதடு நீலம் பாரித்தபோது, அந்த வண்டி இருமியதே தவிரக் கிளம்பவில்லை. ஏழு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினாள் அவள். ஒரு பால் வேனை மறித்து ஏறினாள். கூடவே ஓடி வந்து ஏறிய அவர், டீசல் ஏன் குளிரில் கெட்டியாகிறது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் விளக்கினார்.

பால் வேன்காரர் மட்டும் கேட்டுக்கொண்டார், பாவம்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மூச்சிரைப்பு மறுபடி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போது என்று அவருக்கும் தெரியாது. அன்றைக்கு வாசலில் நிற்கிற வண்டி முதல் திருப்பலில் கிளம்ப வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் ஒருத்தி அங்கே நிற்பதைத் தரகர் அப்போதுதான் கவனித்தார்.

"மேடத்துக்குக் கலர் பிடிச்சிருக்கா?"

அவள் பாட்டிலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

தரகர் கணவர் பக்கம் திரும்பிச் சாவியை நீட்டினார். "சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துருங்களேன்."

"அதெல்லாம் எதுக்குப்பா? எனக்குச் சத்தத்தக் கேட்டாலே போதும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தரகரே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். தொட்டதும் கிளம்பியது. கொதிக்கிற இன்ஜின் கிளம்பாமல் என்ன செய்யும்?

"பாத்தியா?" கணவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், அவரே பெற்று வளர்த்த இன்ஜின் மாதிரி. "முடிச்சிரலாம்."

அவள் ஜன்னல் வழியே கையை விட்டு இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிக்கொண்டாள்.

"ஏன் தம்பி, விடியறதுக்குள்ள ஓடவிட்டு சூடு பண்ணி வச்சா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? யார ஏமாத்தப் பாக்குற?"

தரகர் திகைத்துப்போனார். செய்த தப்புக்குத் திட்டு வாங்கிப் பழகிய முகம் அது. செய்யாததற்கு எப்படி வாங்குவது என்று அதற்குத் தெரியவில்லை.

"நானா எதுக்கு மேடம் பண்றேன்? சார்தான் நேத்து போன் பண்ணாரு. 'எனக்குக் காத்துக்கிட்டு நின்னு பழக்கமில்ல, ஸ்டார்ட் பண்ணி ரெடியா வை'ன்னாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்டெப்னியைப் பார்த்தார்.

சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். தண்ணீர் பாட்டிலைச் சூடான பானெட்டின் மேல் நிற்க வைத்தாள். தரகரின் பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாக் குளிரட்டும். அப்புறம் நான் ஸ்டார்ட் பண்றேன்."

"மத்தியானம் ஆயிடும்டி! எனக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு. உன்னோட உக்காந்துக்கிட்டிருக்க முடியாது, நான் கிளம்புறேன்."

"கிளம்புங்களேன்."

அவர் விறுவிறுவென்று நடந்தார். தம்பியின் கார் வரை போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு.

பிடித்தபடியே நின்றார். அந்தக் காரின் சாவியும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது. அவர்கள் வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான்.