சுவர்மேல் சம்படம்

கொல்லைச் சுவரில் மூடி தட்டும் சத்தம் கேட்டது.

ஒரே தட்டு. எவர்சில்வர் மூடியைச் செங்கல்லில் லேசாக ஒரு தட்டு.

புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு, "இதோ வந்துட்டேன் அக்கா" என்று எழுந்துவிட்டாள். பாதி வழியில்தான் கால் நின்றது.

பக்கத்து வீட்டு அமலோற்பவம் அக்காவை அடக்கம் பண்ணி ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

ரயில்வே காலனியில் மத்தியானம் சாய்கிற நேரம் அப்படித்தான் இருக்கும். ஆண்களெல்லாம் பணிமனையில். யார் வீட்டிலோ இலங்கை வானொலி. காக்கை கூடக் கத்தாது.

எட்டிப் பார்த்தாள்.

சுவர்மேல் சம்படம் இருந்தது.

அவளுடைய சம்படம். அக்காவுடையதோ என்னவோ. வருஷக்கணக்காகச் சுவரைத் தாண்டித் தாண்டி, அது யார் வீட்டுப் பாத்திரம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. ரசம் போகும். முருங்கைக்கீரை வரும். பருப்பு போகும். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் வரும். வெறும் பாத்திரமாக மட்டும் ஒருநாளும் திரும்பியதில்லை. வெறுமையாகத் தரக் கூடாது.

சுவர் ஆள் உயரம். அக்காவோ குட்டை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. ஜெபமாலை சுற்றிய கை மட்டும் மேலே வரும். "புடிச்சிக்கிட்டீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இவள் விடுவாள். "ம், விடு" என்று அங்கிருந்து பதில் வரும்.

முன்பக்கமாகப் போய்ப் பார்த்தாள். அக்காவின் மகன் வந்து பூட்டிவிட்டுப் போன பூட்டு அப்படியே தொங்கியது. அதன்மேல் சிலந்தி பின்னிய வலையில் ஓர் இழை கூட அறுந்திருக்கவில்லை.

திரும்பி வந்து சம்படத்தை இறக்கினாள். கழுவிய ஈரம் காயவில்லை. நீலகிரித் தைல வாசனை. கடைசி நாட்களில் அக்கா நெஞ்சில் தேய்த்துக்கொண்டே இருந்த தைலம்.

மூடியைத் திறந்தாள்.

மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒடித்த காம்பில் இன்னும் பச்சை ஈரம்.

அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அக்கா போடுகிற இரட்டை முடிச்சு.

அவிழ்த்தாள்.

அவளுடைய கல்தோடு. ஜோடியாக.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், பாவம்.

பிள்ளைக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனபோது, கூட்டத்தில் எதற்கு வம்பு என்று தோட்டைக் கழற்றித் துவரம்பருப்புக்குள் புதைத்தவள் அவளேதான். பருப்புக்குள் திருடன் கைவிட மாட்டான் என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். திரும்பி வந்த அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே இருமல். கஞ்சிக்குக் கொஞ்சம் பருப்பு இருக்குமா என்று ஒரு மெல்லிய குரல். பருப்பு போட்டு வைத்திருந்த சம்படத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கஞ்சியை அக்கா வைக்கவேயில்லை.

முந்தாநாள் ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளத் தோட்டைத் தேடியபோது, பருப்பு நினைவுக்கே வரவில்லை. பீரோவில்தான் வைத்தேன் என்று மனசு சாதித்தது. வீட்டுக்குள் வந்துபோகிறவள் பாத்திரம் தேய்க்கும் செங்கமலம் ஒருத்திதான். வரிசை வீடு அத்தனையும் கேட்க, அவளை விட்டால் வேறு யார் என்று சொன்னதும் இவள்தான்.

செங்கமலத்துக்கு நிறைமாதம்.

சாயங்காலச் சங்கு ஊதி ஆண்கள் திரும்பியதும், கருப்புசாமி கோயிலில் அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பண்ணினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்பார்கள். பண்ணாவிட்டால் திருடி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் குழாயடியில் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டைப் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டால் போதும். கிடைத்துவிட்டது என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். செங்கமலமும் தப்பித்தாள். இவள் வாயும் தப்பித்தது. யார் கண்டது?

சம்படத்தை அடுப்படியில் விட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனாள். தோட்டை வலக்கையில் பொத்திக்கொண்டு பீரோ இடுக்கில் கையை விட்டாள்.

கொல்லைச் சுவரில் மூடி தட்டியது.

சம்படத்தின் மூடியோ, அவளை அறியாமலே கூட வந்து, அவள் இடக்கையில் இருந்தது.

வலக்கையை மெல்ல வெளியே எடுத்தாள். விரல் பிரிக்காமலே குழாயடிக்கு நடந்தாள். குடம் வைத்திருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செங்கமலம் மட்டும் பார்க்கவில்லை.

இவள் கையை விரித்துக் காட்டினாள்.

"பருப்புக்குள்ள ஒளிச்சு வச்சது நாந்தான், செங்கமலம். மறந்துட்டு உன் பேரைக் கெடுத்துட்டேன்."

குழாய்த் தண்ணீர் நிறைந்த குடத்தில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

செங்கமலம் தோட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இனிமேலாவது பருப்பைப் பார்த்துப் போடுங்கம்மா" என்றாள். சிரிக்கவில்லை. குழாயில் கை ஏந்தி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

சங்கு ஊதியது.

இவள் வீட்டுக்கு வந்து சம்படத்தைத் துடைத்தாள். வெறுமையாகத் தரக் கூடாது. என்ன போடுவது என்று டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருமலுக்கு ஆகும் என்று பனங்கற்கண்டை அள்ளிப் போட்டு மூடினாள்.

கொல்லை இருட்டத் தொடங்கியிருந்தது. சம்படத்தைச் சுவர்மேல் ஏற்றி, அக்காவுக்கு எட்டட்டும் என்று அந்தப் பக்க விளிம்பு தாண்டி நீட்டினாள். விரல்களை எடுக்கவில்லை.

"புடிச்சிக்கிட்டீங்களா அக்கா?"

பதில் வரவில்லை.

கை மட்டும் லேசாயிற்று.