ஆடாத குதிரை

குதிரையின் நெற்றியில் வேம்புலியம்மாள் பார்த்துப் பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. ஒரு பாட்டில் ஷாம்பூ காலியாகிக் கிடந்தது.

"விக்கப் போற குதிரைக்கு இன்னாத்துக்கு இம்மாம் சோடனை?" என்றான் அவள் புருஷன் முனியன், பத்தடி தள்ளி நின்றபடி.

"விக்கலைன்னு நேத்தே சொன்னேன்" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

திருமுல்லைவாயிலில் அபார்ட்மெண்டுகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த கால் கிரவுண்டு, அதில் ஒரு தகர ஷெட், ஷெட்டுக்குள் ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. பெயர் தொரை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் மேளத்துக்கு ஏற்றபடி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடும். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை முனியனின் ஆட்டக் குதிரைக்குத் தனிப் பேர் இருந்தது.

அதெல்லாம் போன ஆவணி வரைக்கும்தான். ஆட்டம் பழக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், தொரை விட்ட உதையில் அவர்களுடைய ஒரே மகன் பரத் நெஞ்செலும்பு நொறுங்கிச் செத்துப்போனான். இருபத்திரண்டு வயது. பக்கத்தில் யாரோ வெடி வைத்தார்கள், சத்தத்தில் குதிரை மிரண்டுவிட்டது என்று முனியன் எல்லோரிடமும் சொன்னான். அன்றிலிருந்து தொரை ஆடுவதில்லை. மேளம் கேட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஆடாத குதிரையை வைத்துக்கொண்டு முனியன் என்ன செய்வான்? விற்றுத் தொலைத்துவிட்டு லோடு ஆட்டோ வாங்கி ஓட்டலாம் என்று பார்த்தான். வேம்புலியம்மாள் பிடி கொடுக்கவே இல்லை.

பெற்ற பிள்ளையைக் கொன்றதற்குப் போய்த் தீனி போடுகிறாளே என்று அக்கம்பக்கத்தில் முதலில் வாய் பிளந்தார்கள். பிறகு, பாவம், பிள்ளை ஆசையாக வளர்த்த குதிரை, அதில் அவனையே பார்க்கிறாள் என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். காரணம் கண்டுபிடிக்க ஊருக்குச் சொல்லியா தரவேண்டும்?

குழந்தையைப் போலத்தான் அவளும் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, கொள்ளு வைப்பது, ஈ ஓட்டுவது எல்லாம் அவள்தான். பின்னால் போய் லத்தி அள்ளுகிற வேலையை மட்டும் முனியனுக்கு விட்டிருந்தாள். அவன் எட்ட நின்று நீளக் கழியால் இழுத்தால், "கிட்ட போயி சுத்தமா அள்ளுய்யா" என்று சத்தம் போடுவாள்.

பத்து மணிக்குக் குத்தம்பாக்கத்திலிருந்து லோகேஷ் வந்தான். கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டி வாடகைக்கு விடுகிறவன். குதிரையை ஏற்றிப்போகக் கையோடு ஒரு மினி லாரியும் கொண்டுவந்திருந்தான்.

பல்லைப் பார்த்தான். ஒவ்வொரு காலாகத் தூக்கி லாடம் பார்த்தான். பின்னால் போய் வாலைக்கூடத் தூக்கிப் பார்த்தான். தொரை அசையாமல் நின்றது.

"தங்கமா கீது அண்ணாத்தே. ஆடாட்டி போவுது, நான் சாரட்டுல பூட்டிக்கிறேன். இன்னாத்துக்குக் குடுக்கற இத்த?"

"எனக்கும் அதுக்கும் ஒத்து வரல நைனா" என்ற முனியன், கயிற்றை அவிழ்க்க இரண்டடி முன்னால் வந்தான். குதிரையின் காதுகள் பின்பக்கம் படிந்தன. அவன் அப்படியே நின்றுவிட்டான். "நீயே அவுத்துக்கோ."

லோகேஷ் முடிச்சில் கை வைத்தான்.

"தம்பி, ஒண்ணு தெரிஞ்சிகினு இட்டுகினு போ" என்றாள் வேம்புலியம்மாள். "எம்புள்ளைய சாவடிச்ச குதிரை இது."

லோகேஷின் கை பின்வாங்கியது. அவன் முனியனைப் பார்த்தான். முனியன் தரையைப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, இத்தப் போயி மறைச்சிட்டியே. நம்மளுது கல்யாண ஊட்டுப் பொழப்பு. சாவு வுழுந்த குதிரைன்னு தெரிஞ்சா எவன் கூப்புடுவான்? வாணாம்க்கா, நான் வரேன்."

வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

முனியன் கத்தினான். "மூணாவது ஆளு. வர்றவன்கிட்ட எல்லாம் இதையே சொல்லித் தொரத்துற. நம்ம புள்ளைய கொன்னுதுடி அது. அத்தப் போயி மஞ்சக் குங்குமம் வெச்சிக் கொஞ்சிகினு கீறியே, நீயெல்லாம் பெத்தவளா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். அவன் இப்படி உடைந்து அழுவது, மகனைப் புதைத்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பார்த்திருந்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும்.

வேம்புலியம்மாள் அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"வெடியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கொழாயாண்ட நின்னு பாத்துகினுதான் இருந்தேன். ஆடு ஆடுன்னு ஈரக் கயித்தால அத்தப் போட்டு அந்த அடி அடிச்ச. பொறுக்க முடியாம உன்னத்தான் ஒதைக்க வந்துச்சு. பரத்து ஓடியாந்து உன்னத் தள்ளிவுட்டு அவன் வாங்கிகினான்."

முனியன் கண்ணைத் துடைத்தான். "தெரிஞ்சுமா... தெரிஞ்சும் இன்னாத்துக்குடி இத்த விக்காம வெச்சிகினு கீற?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அடுத்த தபா உன்னத் தள்ளிவுட ஆளு இல்ல."