படுக்கைவாட்டு வெளிச்சம்

நெட்டுக்குப்பத்துக் கழிமுகம் உச்சிவெயிலில் தகரம்போல் மின்னுகிறது. கண்ணில் வளர்ந்த சதையை எடுத்தபின் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை, படகில் நின்றபடி எத்திராஜ் முதல்முறையாக மாட்டுகிறான். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அலைபாய்ந்து வரும், இது அதை மறித்துவிடும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். மினுக்கம் சட்டென்று அணைகிறது. நாற்பது வருஷமாக அந்த மினுக்கத்தைத்தான் அவன் தண்ணீர் என்று நினைத்திருந்தான். இப்போது அடித்தரை தெரிகிறது. கொஞ்சம் தள்ளி அவன் மனைவி தேசம்மா, ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறாள். அவளுக்குப் பின்னால், அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசல் குழாய் போகும் பக்கமிருந்து, வெளிறிய புகைபோல் ஒன்று நீருக்கடியில் தரையோடு தரையாகப் புரண்டு வருகிறது. நண்டுகள் அதற்கு முன்னால் ஓடுகின்றன. எத்திராஜ் தலையைத் தோள்பக்கம் சாய்க்கிறான், கண்ணாடியும் கூடச் சாய்கிறது. மினுக்கம் திரும்பி வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நிமிர்கிறான், அந்தப் புகை அவளுக்கு இன்னும் கிட்டே வந்திருக்கிறது. "தேசம்மா, மேல ஏறுமே!" அவள் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு சிரிக்கிறாள். "சும்மா கெடய்யா. இன்னிக்குத்தான் எறா தானா கைல வந்து வுழுது. காலுக்குக்கூட வெதுவெதுன்னு சொகமா கீது."