நன்றியுரை

"கையைப் பின்னால கட்டாத. பக்கத்துல சும்மா தொங்கவிடு."

மேடையில் நின்ற கசாமா கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் எப்போதோ போய்விட்டார்கள். ஜப்பானின் தொயாமாவில் டிசம்பர் மாதம் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே சொதசொதவென்று பனி விழுந்துகொண்டிருந்தது.

கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஷினோசாகி, அந்தப் பல்கலைக்கழகத்தில் மேடைப்பேச்சு சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியை; பிள்ளைகள் வாயில் 'சென்செய்'. மூச்சை எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது, கூட்டத்தில் யாரைப் பார்த்துப் பேசுவது என்பதெல்லாம்தான் அவருடைய பாடம்.

அவருக்கென்று அங்கே தனி அறை கிடையாது. சந்தேகம் என்று யாரும் தேடி வந்ததும் கிடையாது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால், பிறகு திங்கள்கிழமை வகுப்பில்தான் அவர் குரல் அவருக்கே கேட்கும். நடுவில் ஒரே ஒரு முறை, சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சூடு பண்ணவா என்று கடைக்காரப் பெண் கேட்கும்போது, "சரி" என்பார்.

அதனால்தான், கசாமா தயங்கித் தயங்கி வந்து ஒரு பேச்சைப் பேசிக் காட்டலாமா என்று கேட்டபோது, மாட்டிக்கொண்ட கோட்டை மறுபடியும் கழற்றினார்.

அப்பா இறந்துவிட்டார் என்றான் அவன். இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய நன்றியுரை அது.

ஷினோசாகி வருத்தம் சொன்னார். அடுத்த நிமிடமே ஆசிரியையாகிவிட்டார். அவருக்குக் கொடுக்கத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

வகுப்பில் கசாமாவின் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. போன வாரம் அவன் வராததைக்கூட அவர் வருகைப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். இன்று அவன் தடுமாறினாலும் நிறுத்தாமல் பேசினான்.

அவன் அப்பா டவுன் பஸ் ஓட்டியவர். அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல இயந்திரம் வந்த பிறகும், அதற்கு முந்திக்கொண்டு தன் வாயாலேயே சொல்வார். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பனும் பிள்ளையும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள்.

அப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தால், கசாமா அவருடைய பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போவான். இறங்கும்போது மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே அவனிடமும் அப்பா, "பார்த்து இறங்குங்க" என்பார்.

அந்த இடத்தில் அவன் குரல் உடைந்தது.

"அங்க நிறுத்து," என்றார் ஷினோசாகி. "அந்த இடத்துல கூட்டம் அழும். அழுகை அடங்கற வரைக்கும் அப்படியே நில்லு. அதுக்கப்புறம் அடுத்த வரி."

கசாமா தலையாட்டினான். காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அடுத்த வரியைச் சொன்னான்.

இப்படியே வரிக்கு வரி திருத்தினார். தரையைப் பார்த்தபோது நிமிரச் சொன்னார். வேகம் கூடியபோது பெஞ்சைத் தட்டி நிறுத்தினார். பையன் கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்ந்து வருவதைப் பார்க்க அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

போதும், இனிப் பயமில்லை என்றார். எந்த மண்டபம், என்றைக்கு என்று கேட்டார். தானும் வந்து பின்வரிசையில் நின்று கேட்பதாகச் சொன்னார். இப்படிச் சொல்வோம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கசாமா மேடையை விட்டு இறங்கவில்லை.

"முடிஞ்சிடுச்சு, சென்செய். போன வியாழக்கிழமையே."

மண்டபம் எதுவும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எரியூட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒசாகாவில் இருக்கும் பெரியப்பா, இந்தப் பனியில் ரயில் ஓடுமோ என்னவோ என்றாராம். அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாது. பஸ் கம்பெனியில் யாரைக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவனும், பெட்டியை ஏற்றி வந்த வேன்காரரும்தான். உலைக் கதவை மூடுவதற்கு முன்னால், ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அங்கிருந்த ஊழியர் கேட்டார். சொல்வதற்கு அவனிடம் எல்லாமே இருந்தது. ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்தான். வேன்காரர் மரியாதைக்காக வெளியே போய் நின்றுகொண்டார். ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார்.

பார்த்துப் பேச ஒரு முகமும் இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான்.

"ஒரே ஒருத்தராவது கேட்டா போதும்னு இருந்துச்சு," என்றான் கசாமா. "எனக்கு வேற யாரையும் தெரியாது, சென்செய்."

ஷினோசாகி எத்தனையோ பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். இப்போது, அவனை எங்கெங்கே நிறுத்தினோம், எந்த இடத்தில் பெஞ்சைத் தட்டினோம் என்பதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

எழுந்து சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். இந்தத் தடவை குறுக்கே பேசமாட்டேன் என்றார்.

கசாமா மூச்சை இழுத்துக்கொண்டான். அவர் முகத்தைப் பார்த்தான்.

"இந்தக் குளிரையும் பாராமல் என் அப்பாவை வழியனுப்ப வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும்…"

காலி பெஞ்சுகளுக்கு நடுவில், ஷினோசாகி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.