வாணியின் எக்ஸ்ரே

எக்ஸ்ரே தட்டின் முன்னால் வாணியால் நிற்க முடியாது என்று மாதவிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

பதினோரு வயதுப் பெண். பிறவியிலேயே மூளை வாதம். கால்கள் இரண்டும் விறைத்து, சக்கர நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் அறை முழுவதையும் அளந்துகொண்டிருந்தன.

அவளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் விமலன். கிள்ளானில் லிஃப்ட் மெக்கானிக். பெர்த்தில் வேலை கிடைத்து, ஆஸ்திரேலியாவிலேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்திருந்தார். அதற்கான மருத்துவப் பரிசோதனைக்காகக் காலையிலேயே கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். அவருக்குப் பார்க்க வேண்டியதெல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. கல்லு மாதிரி உடம்பு.

மகளுடையதுதான் பாக்கி.

எக்ஸ்ரே எடுக்கும் இந்த வேலையில் மாதவி பார்க்காத ஆள் இல்லை. குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் எல்லோருடைய விண்ணப்பமும் விழுந்துவிடலாம் என்பதால், வருகிறவர்கள் என்னென்னவோ செய்வார்கள். காசநோய் வந்து போனதை மறைப்பார்கள். பிள்ளையின் குறையைச் சொல்லாமல் விட்டால் அங்கே தெரியுமா மிஸ்ஸி என்று நடைவழியில் வந்து காதைக் கடிப்பார்கள்.

விமலன் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் தாமாகவே சொன்னார். என்ன மருந்து, அவளால் எது முடியும், எது முடியாது. பேச்சு குழறும், ஆனால் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் புரியும், அதனால் பார்த்துப் பேசுங்கள் என்றார். அதைக் கேட்டு வாணி சிரித்தாள்.

சிரிப்பு அப்படியே அப்பா ஜாடை என்றாள் மாதவி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

விமலனுக்கு ஈய அங்கியை மாட்டிவிட்டாள். அவர் வாணியைத் தூக்கித் தட்டோடு முதுகு ஒட்டும்படி உட்காரவைத்து, பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கைகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

உட்காரவைப்பது சுலபம். மூச்சைப் பிடிக்கவைப்பதுதான் பாடு. சொன்ன நேரத்தில் அடங்கி நிற்க இப்படிப்பட்ட பிள்ளைகளின் உடம்பு கேட்காது. படம் கலங்கலாகத்தான் வரும். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

“பாப்பா, முங்கலாமா?” என்றார் விமலன்.

வாணி கன்னங்களை உப்பிக்கொண்டாள். அவரும் உப்பிக்கொண்டார். தண்ணீருக்குள் மூழ்கியவர்கள்போல் இருவரும் கண்களை அகல விரித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடித்துக்கொண்டே இருந்த அந்தச் சின்ன உடம்பு ஒரு கணம், ஒரே கணம், அசையாமல் நின்றது.

மாதவி பொத்தானை அழுத்தினாள்.

படம் பளிச்சென்று விழுந்திருந்தது.

எக்ஸ்ரே உண்டு என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டில் பழக்கியதாக விமலன் சொன்னார். வேலை முடிந்து வந்ததும் வாளித் தண்ணீரில் அவர் முகத்தை முக்குவாராம். அவர் எழும்வரை வாணி வெளியில் இருந்தபடியே மூச்சைப் பிடித்திருக்க வேண்டுமாம். முதலில் சில நாள் அவள் சிரித்த சிரிப்பில் அவர்தான் நிறையத் தண்ணீர் குடித்தாராம்.

பெற்ற பிள்ளைக்கு யாரும் செய்வதுதான் என்று சொல்லிவிடலாம். செய்யாதவர்களையும் மாதவி நிறையப் பார்த்திருந்தாள்.

டாக்டர் பக்கிரிசாமி வாணியைப் பரிசோதிக்கும்போது, பெண்பிள்ளை என்பதால் மாதவியும் துணைக்கு நின்றாள். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார். பிறகு, இருப்பதை இருக்கிறபடிதான் எழுத முடியும் என்றார். இவளுக்கு ஆயுசுக்கும் ஆகக்கூடிய மருத்துவச் செலவை அங்கே இருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள், அதிகம் என்று பட்டால் உங்களுக்கும் சேர்த்தே மறுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

விமலன் தலையசைத்தார். “கூட்டிக் கொறைச்சி எழுத வேணாம் டாக்டர். இவ நல்லா படிப்பா, அதையும் சேர்த்து எழுதுங்க.”

டாக்டர் எழுதினார். அடுத்து, பிரசவத்தைப் பற்றிக் கேட்டார். குறைமாதமா? பிறந்தவுடன் அழுதாளா?

விமலன் வாணியின் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

“தெரியாது டாக்டர். நான் இவள மொதல்ல பார்க்கும்போதே ஆறு வயசு.”

மாதவி நிமிர்ந்து பார்த்தாள்.

சந்திரகலாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது மகளும் கூடவே வந்தாள் என்றார் விமலன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் சந்திரகலா புற்றுநோயில் போய்விட்டாள். பெற்ற தகப்பன் எங்கிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. போன வருடம்தான் கோர்ட்டுக்குப் போய் வாணியை முறைப்படி மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படித் தத்தெடுக்காமல் இருந்திருந்தால் இவளை யாரும் உங்கள் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள், உங்கள் விசாவுக்கும் ஒரு தடையும் இருந்திருக்காதே என்றார். யாருமே இதை உங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லையா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

விமலன் குரலைத் தாழ்த்தவில்லை.

“விசா ஏஜென்ட் மொதல்லயே சொன்னாரு டாக்டர். அதான் கோர்ட் வேலைய முடிச்சிட்டு, அப்புறமா விசாவுக்குப் போட்டேன்.”